ராணி இறங்காத கிணறு

கிணற்றின் சுற்றுச்சுவரில் யாரோ சிவப்புப் பெயிண்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். விடிந்ததும் முதல் வாளி இறைக்க வந்த அக்கா அதைப் பார்த்தாள். விரலால் தேய்த்தாள். பிறகு சோடாவும் நாரும் கொண்டுவந்து தேய்த்தாள். லாட்ஜ் படுக்கை விரிப்புகளில் மனிதர்கள் விட்டுவிட்டுப் போகும் அத்தனை கறைகளையும் முப்பது வருடமாகப் போக்கிக்கொண்டிருக்கிறவள் அவள். இந்தக் கறை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். உண்மையில் அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. அந்த ஒருவனோடேயே போதும் போதும் என்றாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

பின்கதவில் ஒரு நோட்டீசும் ஒட்டியிருந்தது. அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் அரசாங்கம் எழுதினால் படித்தவர்களுக்கே தலை சுற்றும். முன்வாசலில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்த கணவரை இழுத்துவந்து நிறுத்தினாள். தெருவில் அவருக்குப் பெயரே இஸ்திரிதான். அதிகம் பேச மாட்டார். பேசினால் சுடும்.

இஸ்திரி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார். "மேற்படி படிக்கிணறு, இந்நகரம் தலைநகராக விளங்கிய காலத்தது என வாய்மொழி ஆதாரத்தால் அறியப்படுவதாலும், அதன் பதினோராம் படியிலுள்ள தலைகீழ்க் குதிரை அரச துக்கத்தின் குறியீடு எனக் கருதப்படுவதாலும், கிணறும் அதை ஒட்டிய கட்டடமும் கையகப்படுத்தப்பட உள்ளன. ஆட்சேபம் இருப்பின் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரும் அதிகாரியிடம் தெரிவிக்கலாம்."

"கட்டடம்னா?"

"நீயும் நானும் படுத்து எழுந்திருக்கிற இடம்."

"வாய்மொழி ஆதாரம்னா?"

"எவனோ வாயால சொன்னது. கீழ போட்டிருக்கான் பாரு. அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி, எண் பதினேழு."

அக்கா நேராக வீட்டுக்குள் நடந்தாள். முன்னறையில் ஆணியில் தொங்கிய பித்தளைப் பேட்ஜைப் பார்த்தாள். அதில் பதினேழு என்றிருந்தது. அதற்குக் கீழே, இஸ்திரி தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு, தலை சீவிக்கொண்டிருந்தான் தம்பி.

தம்பிக்கு ஊர் வைத்த பெயர் வெண்கலம். குரல் அப்படி. அந்தக் குரலை வைத்துத்தான் இருபது வருடமாகப் பிழைக்கிறான்.

அந்த ஊர் ஒரு காலத்தில் தலைநகரம். இருநூறு வருடம் அங்கே உட்கார்ந்துகொண்டுதான் சுற்றியிருந்த நாடு முழுவதையும் ஆண்டார்கள். ஏழு வாசல் வைத்துக் கோட்டை கட்டினார்கள். இப்போது இரண்டு வாசல் மிச்சம். ஒன்றின் வழியாக பஸ் போகிறது, மற்றதில் பஞ்சர் ஒட்டுகிறார்கள். கடைவீதி என்று பலகை வைத்த இடத்தில் அரை மைல் நீளத்துக்குத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. சிம்மாசன மேடை இருக்கிறது, சிம்மாசனம் இல்லை. குதிரை லாயத்தின் சுவர் முழுக்கக் குதிரைகள் செதுக்கியிருந்தன; கைக்கு எட்டின குதிரைகளுக்கெல்லாம் மூக்கு கிடையாது. தானியக் கிடங்கில் வௌவால். பத்து மணிக்கு பஸ்கள் வரும், நாலு மணிக்குப் போய்விடும். நடுவில் இருக்கிற ஆறு மணி நேரம்தான் ஊருக்கு உயிர்.

"கிணத்தைப் பத்தி என்னடா சொல்லி வச்சிருக்க?" என்றாள் அக்கா.

வெண்கலம் சீப்பை வைக்காமலே கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "எந்தக் கிணறு?"

"உன்னைக் குளிப்பாட்டி வளர்த்த கிணறு."

அவன் முகம் போன போக்கிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை இஸ்திரி வாசற்படியில் நின்று நோட்டீசை மறுபடி வாசித்து விளங்க வைத்தார். வெண்கலம் கட்டிலில் உட்கார்ந்தான்.

"அது சும்மா ஒரு கதைக்கா, நீ லாட்ஜுக்குத் துணி கொடுக்கப் போறப்ப ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து சொல்றது. கோட்டை விழுந்த அன்னிக்குக் கடைசி ராணி நகையெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு, நம்ம கிணத்துல இறங்கி, சுரங்கம் வழியா ஆத்தங்கரைக்குப் போனாங்கன்னு."

"நம்ம கிணத்துல சுரங்கம் எங்கடா இருக்கு? நான் தூர் எடுக்கறப்பல்லாம் தவளைதான் இருந்தது."

"தூர்ந்து போச்சுன்னு சொல்லுவேன்."

"அந்தக் குதிரை?"

வெண்கலம் தலையைக் குனிந்துகொண்டான். "அரச குடும்பத்துல துக்கம்னா குதிரையைத் தலைகீழா செதுக்குவாங்கன்னு சொன்னேன். ஒரு அம்மா அழுதுட்டாங்க. அதுலருந்து அதை விட முடியல. போன மாசம் தொல்லியல் ஆபீஸ்லருந்து ஒரு மேடம் கூட்டத்தோட கூட்டமா நின்னு எழுதிக்கிட்டிருந்தாங்க. எனக்கு எப்படித் தெரியும்? மத்தவங்க மாதிரி தொப்பி போட்டிருந்தாங்க."

"உண்மையைச் சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு?"

அவனுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "உண்மை என்னன்னு தெரியுமா உனக்கு? சண்டையே நடக்கல. வெளியில படை வந்து நின்னுச்சு, உள்ள இருந்தவன் ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்துட்டுக் கதவைத் தொறந்து விட்டுட்டான். ராஜா பொண்டாட்டி புள்ளையோட வண்டி கட்டிக்கிட்டு மாமனார் வீட்டுக்குப் போயிட்டான். இதைச் சொல்லிப் பார்த்தேன்க்கா, ரெண்டு வருஷம் சொன்னேன். ஆளுங்க பாதியில எழுந்திருச்சு டீ குடிக்கப் போயிடறாங்க. ஒருத்தன் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டான். வெயில்ல மூணு மணி நேரம் நடந்துட்டு, மாமனார் வீட்டுக்குப் போனான்னு முடிச்சா எவன் மதிப்பான்?"

"அதுக்கு என் வீடுதான் கிடைச்சுதா?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல வேற கிணறு இல்ல," என்றான் வெண்கலம். அதைச் சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அக்கா கண்ணாடியைச் சுவரிலிருந்து எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு நாற்பத்திரண்டு விரிப்புகள். ஊறவைத்தது, கொதிக்கவைத்தது, அடித்தது, அலசினது என்று வேலை வரிசையாக நின்றது. நோட்டீசு ஒட்டிவிட்டார்கள் என்று லாட்ஜ்காரன் விடுமுறை கொடுக்கப் போவதில்லை. இறைக்க இறைக்கக் கிணற்றுச் சுவரின் சிவப்பு அவள் கண்ணிலேயே இருந்தது. தண்ணீர்க் குழாய் அந்தத் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் வரும். குடிக்கப் பிடித்தால் குளிக்க இருக்காது. கிணறு போனால் வேலை போச்சு, வீடு போனால் எல்லாம் போச்சு.

பெரிய விரிப்பைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமுமாக முறுக்க வேண்டும். இஸ்திரிக்குப் போன வருடத்திலிருந்து தோள்பட்டை வலி. இருந்தாலும் அவர்தான் பிடித்தார். வெண்கலம் வாலிப வயதிலேயே அந்த வேலைக்குக் கும்பிடு போட்டுவிட்டான். சட்டை நனைந்தால் பார்க்க வருகிறவர்கள் மதிக்க மாட்டார்களாம்.

"புதன்கிழமை அவன் வந்து பொய்யுன்னு சொல்லணும்," என்றாள் அக்கா முறுக்கியபடியே.

"சொன்னா பேட்ஜ் போயிடும்."

"போகட்டும்."

"அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாதே."

"உங்களுக்கு அவன் மேல இரக்கமா?"

"என் தோள் மேல இரக்கம்," என்றார் இஸ்திரி. "மெதுவா முறுக்கு."

அடுத்த இரண்டு நாளும் வீட்டில் பேச்சு வார்த்தை கிடையாது. அக்கா தட்டை வைக்கிற சத்தத்திலேயே பேசினாள். தெருவிலும் நல்ல முகம் ஒன்றைக் காணவில்லை. டீக்கடைக்காரன், "ராணியம்மா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். ராணியைப் பார்க்க வந்த கூட்டம்தான் பதினோரு வருடமாக அவன் கடையில் டீ குடித்தது, அந்த நன்றி வேண்டாமா? எதிர்வீட்டுப் பெண்பிள்ளை ஒரு படி மேலே போனாள். "உங்க வீட்டோட நிக்குமா, எங்க வீட்டுக்கும் வருமா? எங்க சமையக்கட்டுலயும் ரெண்டு பழைய கல்லு இருக்கு. உங்க தம்பி வாய்க்கு நாங்கல்லாம் தெருவுல நிக்கணுமா?" அக்கா துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளே முன்னறைக்குப் போனாள். வெண்கலம் பேட்ஜைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு என்ன சொல்லப் போற?"

"யோசிக்கிறேன்."

"யோசிக்க என்னடா இருக்கு? சொன்னது பொய்யுன்னு சொல்லு. இல்லன்னா இன்னிக்கே உன் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போ. வீட்டை வாங்கிட்டுப் போறவங்க உன்னைக் கையோட கூட்டிட்டுப் போகட்டும். உன் ராணிக்குக் கால் அமுக்கிவிடு."

"அக்கா, இந்த பேட்ஜ் இல்லன்னா என்னை ஊர்ல நாய்கூட மதிக்காது."

"இருக்கிறப்ப மட்டும் நாய் மதிக்குதா?"

புதன்கிழமை வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. பத்து மணிக்கு ஜீப் வந்தது. மேடம் இறங்கினாள், கூடவே டேப்பும் நோட்டுமாக ஓர் உதவியாளர். தொப்பி போட்ட அதே மேடம். முகத்தில் கடுகடுப்பு, ஆனால் கெட்டவள் மாதிரித் தெரியவில்லை. அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது. கெட்டவர்களோடு சண்டை போடலாம். நம்புகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

முதல் பஸ்ஸில் வந்தவர்களில் பத்துப் பதினைந்து பேர் ஜீப்பைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். தெருவும் வந்தது. காய்ந்துகொண்டிருந்த விரிப்புகளை விலக்கிக்கொண்டு எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள்.

"பொய் மேடம்," என்றான் வெண்கலம். "ராணி கதை நான் கட்டினது."

அக்காவுக்கு மூச்சு வந்தது. ஆனால் மேடம் அசையவில்லை.

"இடம் எடுக்கப் போறோம்னு தெரிஞ்சா எல்லா ஊர்லயும் இதைத்தான் சொல்றாங்க. போன மாசம் வரைக்கும் உண்மை, இப்ப பொய்யா? கல்லைப் பார்த்தாலே தெரியுது. அரண்மனைக் கல்லு. உளி வேலை அந்தக் காலத்து வேலை. கல்லு பொய் சொல்லாதுங்க."

"கல்லு பழசுதான் மேடம். கிணறு பழசில்ல."

"அப்ப யாரு கட்டினது?"

அங்கேதான் வந்தது வினை. கேள்வி கேட்டதும் வெண்கலத்துக்கு முதுகு நிமிர்ந்தது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். குரல் தானாக இறங்கி, கனத்து, வெண்கலமாகவே ஆகிவிட்டது.

"சொல்றேன் கேளுங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னால, மழை மறந்த ஒரு கோடை. இந்த வீட்டுல பன்னிரண்டு வயசுல ஒரு சிறுமி. அப்பாவுக்குப் படுத்த படுக்கை. தொட்டில்ல பால் குடிக்கிற தம்பி, அது நான்தான். குடிக்கத் தண்ணி இல்ல. அந்தச் சிறுமி கடப்பாரையை எடுத்தா. நாப்பது நாள். ராவும் பகலும். தன்னந்தனியா..."

யாரோ த்சொ த்சொ என்றார்கள். பஸ்ஸில் வந்த தொப்பிக்காரி ஒருத்தி போனைத் தூக்கிப் படம் பிடித்தாள். மேடம் நோட்டை மூடிவிட்டு இளக்காரமாகச் சிரித்தாள். "அடுத்த கதையா? ராணி போய்ச் சிறுமி வந்தாச்சு."

அக்காவுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ராணியை வைத்துப் பொய் சொன்னபோதுகூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வரவில்லை. கையிலிருந்த ஈர விரிப்பைப் பொத்தென்று வாளியில் போட்டாள்.

"வாயை மூடுடா!" என்றாள். "பொய் மேடம். இதுவும் பொய். அப்பா படுத்த படுக்கையா? எருமை மாதிரி இருந்தார். அவர்தான் தோண்டினார். நான் கடப்பாரையைத் தொட்டதுகூடக் கிடையாது, மண்ணு சுமந்தேன், அவ்வளவுதான். அதுவும் ஒழுங்கா சுமக்கல. பாதி நாள் அழுதேன், ரெண்டு நாள் ஒளிஞ்சுக்கிட்டேன், அடி வாங்கினேன். நாப்பது நாளும் இல்ல, ராவும் பகலும் இல்ல. அப்பா கோட்டைச் சுவர் ரிப்பேர் வேலைக்குப் போய்ட்டு வந்து சாயங்காலம் சாயங்காலமா தோண்டினார். கல்லெல்லாம் அங்கருந்து எடுத்துட்டு வந்ததுதான்."

 அப்பா கல் திருடினார் என்று மகளே ஊர் நடுவில் சொல்லிவிட்டாள். மேடம் நோட்டை மறுபடி திறந்தாள்.

"அந்தக் குதிரை?"

"அது என் தப்பு," என்றாள் அக்கா. "மேல நின்னு கயித்துல கட்டி இறக்கினது நான். எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னு பார்க்காம கட்டிட்டேன். கால் மேல வந்துடுச்சு. அப்பா கீழருந்து கத்தினார், திருப்பி இழுடின்னு. எனக்குக் கை முழுக்கக் கொப்புளம், இழுக்க முடியல. அப்படியே வச்சுட்டார். துக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோம்பேறித்தனம்."

"இதுக்கு என்ன ஆதாரம்? நீங்க சொல்றதும் வாய்மொழிதானே?"

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். இஸ்திரி அவளைப் பார்த்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் இப்படித் தயங்கி அவர் பார்த்ததில்லை.

"தலைகீழா வச்சதால கல்லு ஆடுச்சு," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "முட்டுக் கொடுக்கத் தட்டையா ஏதாவது போடுன்னார். சுத்திப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடப் பைதான் கிடந்தது. சிலேட்டை எடுத்துப் போட்டேன். உடைச்சுக் குதிரைக்குக் கீழ சொருகிட்டார். மறுநாள் சிலேட் இல்லாம போனா டீச்சர் அடிப்பாங்கன்னு போகல. அதுக்கப்புறமும் போகல. அங்கதான் இருக்கு. போய்ப் பாருங்க."

இது வெண்கலத்துக்கும் புதுச்செய்தி. அந்தப் படியில் நின்றுகொண்டுதான் அவன் பதினோரு வருடமாக ராணியை இறக்கிக்கொண்டிருந்தான்.

மேடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு தானே இறங்கினாள். பாசி வழுக்கும், பார்த்து என்று அக்கா சொல்லவில்லை, இஸ்திரிதான் சொன்னார். மேலே எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கீழே சுரண்டுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. பிறகு மேடம் ஏறி வந்தாள். உள்ளங்கையில் கறுப்பாக ஒரு சில்லு. அதில் நேர் நேராக இரண்டு கோடு கீறியிருந்தது. எழுத்துக் கோணாமல் இருக்கப் பிள்ளைகளுக்கு ஆணியால் போட்டுக் கொடுக்கிற கோடு.

மேடம் அதை அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கவில்லை. "எனக்கு எதுக்கு? கல்லு ஆடும். திருப்பி அங்கயே வச்சுடுங்க."

"கல்லு எங்களுது," என்றாள் மேடம். தோற்றுப்போன எரிச்சல் இருந்தது அவள் குரலில். "அதை எடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு."

"எடுங்க மேடம்," என்றார் இஸ்திரி. காலையிலிருந்து அவர் பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான். "வரிசையா எடுத்துட்டு வாங்க. எதிர்வீட்டுச் சமையக்கட்டு, டீக்கடை மேடை, எல்லாத்துலயும் இருக்கு. கடைசியா உங்க ஆபீசுக்குப் போங்க. நீங்க தினம் செருப்பைக் கழட்டி வைக்கிற வாசப்படி சிம்மாசன மேடையோட மூணாவது படி. அதையும் எடுத்துக்கிட்டா ஜன்னல் வழியாதான் உள்ள போகணும்."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. மேடம் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். உதவியாளரிடம் டேப்பைச் சுருட்டச் சொன்னாள். போகிற போக்கில் வெண்கலத்துக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள்.

"பேட்ஜைக் கழட்டுங்க."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. அக்கா குனிந்து வாளியிலிருந்த விரிப்பை எடுத்து அலச ஆரம்பித்தாள். ஊக்கு சிக்கிக்கொண்டது. சட்டையில் சின்னதாக ஒரு கிழிசலோடு பேட்ஜ் கழன்று வந்தது.

பத்து நாள் அவன் முன்னறையை விட்டு வெளியே வரவில்லை. அக்கா தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவாள். கூப்பிட மாட்டாள். கிணற்றை எடுக்க அரசாங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. சிவப்புக் குறியை அழிக்கவும் வரவில்லை, அது அப்படியே இருந்தது. பதினோராம் நாள் இஸ்திரியின் தோள் சுத்தமாக முடங்கிவிட்டது. கையைத் தூக்க முடியாமல் படுத்துவிட்டார். கிணற்றடியில் ஐம்பது விரிப்புகள். அக்கா ஒரு முனையைக் கொய்யா மரக் கிளையில் கட்டித் தனியாக முறுக்கிப் பார்த்தாள். கிளைதான் முறிந்தது.

வெண்கலம் பின்கட்டில் வந்து நின்றான். சட்டை போட்டிருக்கவில்லை, பனியனோடு நின்றான். அவள் அவனைப் பார்க்காமலே ஒரு முனையை அவன் பக்கம் எறிந்தாள். அவன் பிடித்தான்.

மூன்றாவது விரிப்பு முறுக்கும்போது சந்து வழியாக நான்கு பேர் வந்தார்கள். பஸ்ஸில் வந்தவர்கள், ஒருவன் கையில் போன். "இதுதானே ராணி கிணறு?" என்றான். "இதுல போட்டிருக்கே. குதிரையெல்லாம் இருக்குன்னு."

அக்கா கையை நிறுத்தினாள். வெண்கலத்தையே பார்த்தாள். நான்கு புது முகங்கள், நல்ல வெயில், கேட்கத் தயாராக நிற்கிறார்கள். அவன் முதுகு தானாக நிமிர்ந்தது.

"இது வீட்டுக் கிணறுங்க," என்றான். "எங்கப்பா தோண்டினார். இவங்க மண்ணு சுமந்தாங்க."

"ராணி?"

"ராஜாவோட மாமனார் வீட்டுக்குப் போயிட்டாங்க."

வந்தவன் போனையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தான். "அவ்வளவுதானா?" என்றான் ஏமாற்றமாக.

"அவ்வளவுதான்."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். வெண்கலம் முனையை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளப் பார்த்தான். விரிப்பிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க போற?" என்றாள் அக்கா. பதினோரு நாளில் அவனிடம் பேசிய முதல் பேச்சு. "பத்தாது. இன்னும் முறுக்கு."